மூளைக்குள் ஒரு கடற்குதிரை

கடற்குதிரையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஒன்றல்ல, இரண்டு! மூளையின் ஆழத்தில், காதுகளுக்கு நேர் உட்புறமாக, பக்கத்திற்கு ஒன்றாக வளைந்து கிடக்கும் சிறு உறுப்புக்கு 'ஹிப்போகாம்பஸ்' என்று பெயர். இதற்குக் கிரேக்க மொழியில் கடற்குதிரை என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் அராந்தியஸ், அதன் உருவத்தைக் கண்டு இப்பெயரைச் சூட்டினார்.

இதன் வேலை என்ன? ஒரு சோக நிகழ்ச்சிதான் அதை உலகுக்குக் காட்டியது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞரின் தீராத வலிப்பைத் தணிக்க, இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அறுவை செய்து அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், புதியவராகவே எண்ணுவார். சிறுவயது நினைவுகளோ அழியாமல் இருந்தன! பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நினைவைப் பதிவு செய்யும் இடம் வேறு, நெடுங்காலம் காக்கும் இடம் வேறு என்பது தெளிவாயிற்று. ஹிப்போகாம்பஸ் ஏட்டில் எழுதும் கணக்கர் எனலாம். பழைய ஏடுகளோ பெரும்பாலும் மூளையின் மேற்புறணியில் பரவிக் கிடக்கின்றன.

உயிரோடிருப்பவரின் மூளையைத் திறக்காமல் இவ்வுறுப்பை அளப்பது எப்படி? இங்கே பௌதிகம் கைகொடுக்கிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் புவியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு வலியது. அதனுள் படுத்திருப்பவரின் உடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலைகள் தூண்டுகின்றன. அவை திருப்பி அனுப்பும் சைகைகளைக் கணிப்பொறி படமாக்குகிறது.

முதுமையில் ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்குவது இயல்பு. அல்ஸைமர் என்ற மறதி நோயிலோ இது 3 முதல் 5 சதவீதம் வரை ஆகிறது. நோய் முதலில் தாக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. அதனால்தான் இந்நோய் கண்ட பாட்டி காலையில் உண்டதை மறந்து, 60 ஆண்டுகளுக்கு முன் நடந்த தம் திருமணத்தை விவரமாகச் சொல்கிறார்.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்த முதியோரின் ஹிப்போகாம்பஸ் ஓராண்டில் சுமார் 2 சதவீதம் பெருத்தது. நடை இந்நோயைத் தீர்க்கும் மருந்தன்று; எனினும் முதுமையிலும் மூளை மாறக்கூடியது என்பதற்கு இது சான்று.

எல்லா மறதியும் அல்ஸைமர் அன்று. வைட்டமின் பி12 குறைவால் வரும் மறதியைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டுவது அவசியம். ஆனால் பெரியவர் ஒருவர் கேட்டதையே திரும்பக் கேட்டால், "இப்போதுதானே சொன்னேன்!" என்று சீறாதீர்கள். நீங்கள் சொன்ன விடை அவருடைய ஏட்டில் ஏறவே இல்லை. அவருக்கு அது முதல் முறை கேட்கும் கேள்வி. முதல் முறை சொல்வதுபோலவே விடை சொல்லுங்கள்.