வெள்ளைப் பந்தின் மூன்று மில்லிமீட்டர்

அமெரிக்க மதுக்கூடங்களில் நாணயம் போட்டு ஆடும் பாக்கெட் பில்லியர்ட்ஸ் மேசைகளில் பல, நெடுங்காலமாகவே, கோலால் அடிக்கப்படும் வெள்ளைப் பந்தை மற்றப் பதினைந்து வண்ணப் பந்துகளைவிடச் சற்றுப் பெரியதாகக் கொண்டிருந்தன. இன்றும் பழைய மேசைகள் சிலவற்றில் அந்தப் பந்தே உருண்டுகொண்டிருக்கிறது. வண்ணப் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், அதாவது 2¼ அங்குலம். பெரிய வெள்ளைப் பந்தின் விட்டமோ 60.3 மில்லிமீட்டர், அதாவது 2⅜ அங்குலம். அருகருகே வைத்துப் பார்த்தாலன்றிக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இந்த மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டால், போட்டி மேசைகளில் பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த கைகளும் தடுமாறுவதுண்டு. பந்து கெட்டுவிட்டது, மேசை சரியில்லை என்று அவர்கள் சலித்துக்கொள்வது இயல்பே. ஆனால் அந்தப் பந்தின் நடத்தையில் ஒழுங்கின்மை எதுவும் இல்லை. மோதல் விதிகள் அப்படியே இருக்க, அவற்றுக்குள் இடப்படும் எண்கள் மட்டுமே மாறியிருக்கின்றன என்பதை உணர்ந்து, புதிய எண்களுக்கேற்பத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும் ஆட்டக்காரருக்கு அந்தப் பந்து முற்றிலும் கட்டுப்படக்கூடியதே.

பந்து பெரிதாக்கப்பட்டதன் காரணம் ஆட்டத்தில் இல்லை, வணிகத்தில் இருக்கிறது. இவ்வகை மேசையில் நாணயம் போட்டதும் பதினைந்து வண்ணப் பந்துகளும் வெளியே வருகின்றன. ஆட்டத்தில் குழிக்குள் விழும் ஒவ்வொரு வண்ணப் பந்தும் மேசைக்கு அடியிலுள்ள சரிவான ஓடையில் உருண்டு, பூட்டிய அறைக்குள் சென்று, அடுத்த நாணயம் விழும் வரை அங்கேயே தங்கிவிட வேண்டும். ஆனால் வெள்ளைப் பந்து தவறிக் குழிக்குள் விழுந்தால் அது உடனே ஆட்டக்காரர் கைக்குத் திரும்பியாக வேண்டும். இல்லையெனில் ஆட்டம் பாதியில் நின்றுவிடும். மின்சாரமோ உணர்கருவியோ இல்லாமல் இந்த ஒரு பந்தை மட்டும் பிரித்தெடுக்க எளிய வழி, தானியம் சலிப்பவர் அறிந்த வழிதான்: சிறியவை நுழையும் இடைவெளியில் பெரியது நுழையாது. அளவு குறித்துச் செய்த அந்த இடைவெளியில் வண்ணப் பந்துகள் இறங்கிவிட, வெள்ளைப் பந்து மேலேயே உருண்டு வேறு வழியாக வெளியே வந்துவிடும். இரும்பு கலந்த பந்தைக் காந்தத்தால் திருப்பிவிடும் முறை பரவிய பிறகு அளவு வேறுபாட்டுக்கான தேவை குறைந்தது.

பில்லியர்ட்ஸ் குடும்பத்தின் போட்டி ஆட்டங்கள் பெரும்பாலும் பந்துகளின் சமத்துவத்தின் மீதே எழுந்தவை. 1882இல் உதகமண்டலத்தின் கிளப்பில் விதிகள் வகுக்கப்பெற்றதாக அறியப்படும் ஸ்னூக்கரில், வெள்ளை உட்பட எல்லாப் பந்துகளும் 52.5 மில்லிமீட்டர் விட்டமே கொண்டவை. இந்தச் சமத்துவத்தின் பயனை 1660களின் இறுதியில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மோதல் விதிகளாகத் தெளிவுபடுத்தினார். நிறையில் சமமான இரு பந்துகள் நேருக்கு நேர் மோதினால் அவை தம் திசைவேகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. ஆகவே சுழற்சியின்றிச் சறுக்கி வரும் பந்து, நிற்கும் பந்தை மோதிய இடத்திலேயே நின்றுவிட, மோதப்பட்டது அதன் வேகம் முழுவதையும் ஏந்திச் செல்கிறது. புவியின் சுழற்சியால் காற்றும் கடல்நீரோட்டமும் விலகுவதை விளக்கும் விசையால் பெயர் நிலைத்த பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ், 1835இல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதத்தைப் பற்றித் தனி நூலே எழுதி, மோதலுக்குப் பின் சுழலும் பந்து வளைந்து செல்லும் பாதை ஒரு பரவளையம் என்று நிறுவினார். கோல் பிடிக்கும் கை பழக்கத்தால் அறிந்திருப்பது பெரும்பாலும் இவ்விருவரின் கணக்கைத்தான். அதில் சம நிறை என்ற நிபந்தனை ஒளிந்திருப்பதைக் கை அறியாது.

விட்டம் ஐந்தரை விழுக்காடே கூடியிருந்தாலும், ஒரே பொருளால் ஆன கோளத்தின் நிறை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், பெரிய பந்து ஏறத்தாழ 17.6 விழுக்காடு கனமாகிவிடுகிறது. வண்ணப் பந்து 170 கிராம் என்றால் வெள்ளைப் பந்து 200 கிராம். மோதலில் சிதறும் சிறு ஆற்றலை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், சுழற்சியின்றி நேருக்கு நேர் மோதும் இந்தப் பந்து நின்றுவிடாமல் தன் வேகத்தில் 8 விழுக்காட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு முன்னே நகர்கிறது. வண்ணப் பந்தோ வந்த வேகத்தைவிட 8 விழுக்காடு மிகுதியான வேகத்தில் புறப்படுகிறது. கனமானது இலேசானதை மோதும்போது இலேசானது மோதியதைவிட வேகமாகப் பாய்வது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் உந்தமும் ஆற்றலும் ஒருசேரக் காக்கப்பட வேண்டுமானால் அதற்கு வேறு வழியே இல்லை.

எட்டு விழுக்காடு சிறிய எண்தானே என்று கடந்துவிட முடியாது. மேசைத் துணியின் மீது நழுவாமல் உருளும் பந்து, மோதிய கணத்தில் முன்னேறும் வேகத்தை இழந்தாலும் தன் சுழற்சியை ஏறக்குறைய முழுதாகவே வைத்திருக்கிறது. பந்துகளின் பரப்பு வழவழப்பானது என்பதால் அந்த நொடிப்பொழுதுத் தொடுகையில் சுழற்சி மிகக் குறைவாகவே கைமாறுகிறது. எஞ்சிய சுழற்சி துணியைப் பற்றிக்கொண்டு பந்தை மீண்டும் உருளச் செய்கிறது. சம நிறைப் பந்தில் இப்படிக் கிடைக்கும் வேகம் வந்த வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு, அதாவது 28.6 விழுக்காடு. பெரிய பந்தில், தக்கவைத்த 8 விழுக்காட்டின் ஏழில் ஐந்து பங்கும் இதனுடன் சேர, அது 34 விழுக்காட்டைத் தாண்டுகிறது. உருளும் பந்து கடக்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், அதே அடிக்கு வெள்ளைப் பந்து ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக ஓடுகிறது. ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டிய பந்து ஒன்றரைச் சாண் போய், அடுத்த பந்துக்கான கோணத்தையே குலைத்துவிடுகிறது.

பின்னோக்கி இழுக்கும் அடியில் நிலைமை நேர்மாறு. பந்தின் நடுவுக்குக் கீழே அடித்துப் பின்சுழற்சி ஏற்றி, மோதியபின் அதைத் தன் பக்கம் திரும்பி வரச்செய்வது தேர்ந்தவர்களின் பெருமைக்குரிய அடி. பெரிய பந்தில் அந்தச் சுழற்சியின் ஒரு பங்கு, முன்னே நகரத் துடிக்கும் 8 விழுக்காட்டை அடக்குவதற்கே செலவாகிவிடுகிறது. மோதும் கணத்தில், உருளும்போது இருக்கும் சுழற்சிக்குச் சமமான அளவு எதிர்த்திசையில் இருந்தால், சம நிறைப் பந்து திரும்பும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடப் பெரிய பந்து எட்டுவதில்லை. மோதிய இடத்துக்கு அருகிலேயே அதை நிறுத்திவைப்பதற்குக்கூட, அந்தச் சுழற்சியில் ஐந்தில் ஒரு பங்கு தேவைப்படுகிறது. பெரிய பந்தை இழுக்கவே முடியாது என்ற பரவலான கூற்று மிகை. இழுக்க முடியும், ஆனால் அதற்கான விலை கூடுதல். விசையோடு அடிக்க அடிக்க அடியின் துல்லியம் குறைவதால், அந்த விலை ஒவ்வொரு முறையும் கொடுக்கத்தக்கதுதானா என்பதே கேள்வி.

கோணத்தில் மோதும் அடிகளில்தான் பழகிய கண் மிகுதியாக ஏமாறுகிறது. சம நிறைப் பந்துகளுக்குத் தொடுகோட்டு விதி ஒன்று உண்டு: சுழற்சியின்றிச் சறுக்கி வரும் பந்து, மோதியபின், வண்ணப் பந்து செல்லும் திசைக்கு 90 பாகைச் செங்கோணத்தில் விலகிச் செல்லும். பெரிய பந்து அந்தச் செங்கோணத்தை எட்டுவதேயில்லை. வண்ணப் பந்தை 30 பாகை திருப்பி அனுப்பும் மோதலில் இரு பாதைகளுக்கும் இடைப்பட்ட கோணம் 82 பாகையாகிறது. 10 பாகை மட்டுமே திருப்பும், கிட்டத்தட்ட முழு மோதலில் அது 65 பாகைக்குச் சுருங்கிவிடுகிறது. ஓரத்தை உரசிச் செல்லும் 60 பாகை மோதலிலோ 87 பாகை. அங்கே வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். இன்னும் கூர்மையான ஓர் உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது. சுழற்சியின் உதவியின்றி, சம நிறைப் பந்து தன் பழைய பாதையிலிருந்து ஏறக்குறைய 90 பாகை வரை விலக முடியும். பெரிய பந்தால், எந்த இடத்தில் மோதினாலும், 58 பாகைக்கு மேல் விலக இயலாது. நடுக்குழியின் அருகே தொடுகோட்டு விதியை நம்பி, குழிக்குப் பக்கவாட்டில் தப்பிவிடும் என்று அனுப்பப்படும் வெள்ளைப் பந்து, சற்று முன்னோக்கிச் சாய்ந்து அந்தக் குழிக்குள்ளேயே விழுவதன் காரணம் இதுதான்.

உருண்டு வரும் பந்துக்கும் இக்கணக்கு பொருந்தும். 30 பாகை மோதலில், உருளும் சம நிறைப் பந்து வளைந்து முடித்தபின் தன் பழைய பாதையிலிருந்து ஏறத்தாழ 34 பாகை விலகியிருக்கும்; பெரிய பந்து 29 பாகைதான் விலகும். இரண்டு மீட்டர் நீள மேசையின் குறுக்கே இந்த ஐந்து பாகை, ஒரு பந்தின் அகலத்துக்கு மேலான இடவேறுபாடாக விரியும்.

நிறையைப் போலவே வடிவமும் தன் பங்குக்குத் தொல்லை தருகிறது. பெரிய பந்தின் மையம் வண்ணப் பந்தின் மையத்தைவிட 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதால், மோதும்போது இரு மையங்களையும் இணைக்கும் கோடு ஒன்றரைப் பாகை கீழ்நோக்கிச் சரிகிறது. வண்ணப் பந்து மேசையில் அழுத்தப்பட்டு, வலிய அடிகளில் இலேசாக எம்பிச் செல்லும். குஷன் எனப்படும் ரப்பர் ஓரத்தின் நுனி, வண்ணப் பந்தின் உயரத்தில் ஏறத்தாழ 63.5 விழுக்காட்டில் அமைக்கப்படுவது. பெரிய பந்துக்கு அதே நுனி 60 விழுக்காட்டு உயரத்தில்தான் படுகிறது. பந்தைத் துணியோடு அழுத்தித் திருப்ப வேண்டிய ரப்பரின் பிடி இதனால் சற்றுத் தளர்கிறது.

குஷனை ஒட்டிக் கிடக்கும் வண்ணப் பந்தை அதே ஓரமாகக் குழிக்கு அனுப்பும் அடி இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியது. சம அளவுப் பந்து, குஷனையும் வண்ணப் பந்தையும் ஒருசேரத் தொட்டால், வண்ணப் பந்து குஷனுக்கு இணையாகவே ஓடும். பெரிய பந்தின் மையம் குஷனிலிருந்து 1.6 மில்லிமீட்டர் கூடுதலாக விலகி நிற்பதால், அப்படித் தொடும்போது அது வண்ணப் பந்தை ஒன்றரைப் பாகை அளவு குஷனுக்குள் திணிக்கிறது. திணிக்கப்பட்டது மீண்டு வந்து ஓரத்தை விட்டு விலகிக் குழியின் வாயில் மோதித் திரும்பிவிடும். அனுபவமுள்ளோர் இங்கே வெள்ளைப் பந்தைக் குஷனில் இம்மியளவு முன்னதாகப் படவைக்கிறார்கள். ரப்பர் சிறிது உள்வாங்க, பந்தின் மையமும் அதனோடு உள்ளே இறங்கி, இரு மையங்களும் குஷனுக்கு இணையான ஒரே கோட்டில் வந்த கணத்தில் மோதல் நிகழ்கிறது. கணக்கு எழுதிப் பார்க்காமலே மதுக்கூட ஆட்டக்காரர்கள் கண்டடைந்த இந்த நுட்பம், எந்த இயக்கவியல் பாடநூலிலும் இடம்பெறும் தகுதி உடையது.

இவ்வளவையும் வைத்துப் பெரிய பந்தை வெறும் சுமை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. நெருங்கிக் குவிந்து கிடக்கும் பந்துகளைக் கலைக்க வேண்டிய நேரத்தில், சம நிறைப் பந்து முதல் மோதலிலேயே ஓய்ந்துவிடும் இடத்தில், கனமான பந்து உள்ளே ஊடுருவிச் செல்லும். பதினைந்து பந்துகளும் சிறிய மேசையில் அடைந்து கிடக்கும் ‘எட்டுப் பந்து’ எனப்படும் ஆட்டத்தில் இது சிறிய நன்மையன்று. மேலும், பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழற்சி ஏற்றும்போது, கோலின் நுனியும் ஒருபுறம் தள்ளப்படுவதால் பந்து குறித்த திசையிலிருந்து சற்று விலகிப் புறப்படும். பந்தின் நிறை கூடக்கூட இந்த விலகல் குறைகிறது. பக்கச் சுழற்சியோடு அடிக்கும்போது பெரிய பந்து கோல் காட்டிய திசைக்குக் கூடுதல் விசுவாசத்தோடு செல்கிறது என்பதை அதைப் பழிப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

ஆகவே இந்த மேசையில் திறமை என்பது அடியின் வலிமையில் இல்லை. பந்துகளை எந்த வரிசையில் வீழ்த்துவது என்ற திட்டத்தில் இருக்கிறது. பின்னோக்கி இழுக்க வேண்டிய நிலையைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல், ஒவ்வோர் அடிக்கும் பின் வெள்ளைப் பந்து முன்னோக்கி ஓடியே அடுத்த இடத்தை அடையும்படி பந்துகளைத் தேர்ந்துகொள்பவர், பந்தின் இயல்பைத் தனக்கு வேலை செய்ய வைக்கிறார். நேர்க்கோட்டு அடிகளைத் தவிர்த்து ஓரளவு கோணம் விட்டுவைப்பதும், முழு மோதலைவிட மெல்லிய மோதலை விரும்புவதும் இதன் தொடர்ச்சியே. மெல்லிய மோதலில் பழகிய 90 பாகை ஏறக்குறைய அப்படியே திரும்பக் கிடைக்கிறது. மேசை சிறியது என்பதால் முன்னோக்கிய ஓட்டத்தைக் குஷனில் திருப்பி மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவதும் கடினமன்று.

இங்கிலாந்தின் மதுக்கூட மேசைகள் இதே சிக்கலை நேரெதிராகத் தீர்த்துக்கொண்டன. அங்கே வண்ணப் பந்துகள் 50.8 மில்லிமீட்டர், வெள்ளைப் பந்து 47.6 மில்லிமீட்டர். ஓடை இடைவெளியில் அங்கே பிரிந்து விழுவது சிறியதான வெள்ளைப் பந்துதான். நிறை 18 விழுக்காடு குறைவான அந்தப் பந்து, சுழற்சியே இல்லாமல் மோதினாலும் தன் வேகத்தில் ஏறத்தாழ 10 விழுக்காட்டோடு பின்னே துள்ளி வருகிறது. இழுப்பது எளிது, பின்தொடரச் செய்வது கடினம். அட்லாண்டிக்கின் ஒரு கரையில் தேர்ந்த கை மறுகரைக்குப் போனால், தன் உள்ளுணர்வை ஒரு முறையன்று, சம நிறையைக் கடந்து இருமடங்கு திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெரிய பந்து என்றும் அதே அளவில் இருப்பதுமில்லை. ஒவ்வோர் அடியிலும் தவறாமல் பங்கெடுப்பது வெள்ளைப் பந்து மட்டுமே என்பதால், சாக்குத் தூளும் துணியின் உராய்வும் அதையே முதலில் தேய்க்கின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல அது மற்றவற்றின் அளவை நோக்கி மெல்லக் குறுகி வரும். முன்பின் தெரியாத மேசைக்கு வரும் தேர்ந்த ஆட்டக்காரர், அதனால், முதல் நாணயத்தைப் போட்டதும் வண்ணப் பந்து ஒன்றை எதிரே வைத்து, சுழற்சியின்றி நேராக, நடுத்தர வேகத்தில் ஓர் அடி அடித்துப் பார்க்கிறார். வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நிற்கிறதா, நான்கு விரற்கடை நகர்கிறதா, அரைச் சாண் தாண்டிப் போகிறதா என்று குனிந்து பார்த்த பிறகே பந்துகளை முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்கத் தொடங்குகிறார்.