கழுத்துத் தலையணை: குளிர்ச்சி எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. மகளின் பிரசவத்துக்கோ பேரனின் பிறந்த நாளுக்கோ கிளம்பும் அம்மா அப்பாக்கள் துபாய், தோஹா, ஃபிராங்ஃபர்ட் என்று எங்காவது இறங்கி மாறித்தான் போகிறார்கள். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மட்டுமே ஏறத்தாழ 16 மணி நேரம். அவ்வளவு நேரமும் எகானமி இருக்கையில் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். அதற்காகப் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் பொருள்களில் கழுத்துத் தலையணை தவறாமல் இடம்பெறுகிறது. இப்போது அதிலும் ‘கூலிங் மெமரி ஃபோம்’ என்ற வகை வந்திருக்கிறது. சாதாரண வகையைவிட விலை கூடுதல்.

என் அம்மாவுக்கு அப்படி ஒன்று வாங்கினேன். கடையில் தொட்டபோது, கோடையில் சிமெண்டுத் தரையில் கை வைத்ததுபோலச் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பை நம்பித்தான் பணம் கொடுத்தேன். ஊர் போய் இறங்கியதும் அம்மா தொலைபேசியில் சொன்னது: “கழுத்தெல்லாம் வேர்த்து ஊறிப் போச்சுப்பா. பாதி வழியிலேயே கழற்றி மடியில வச்சுக்கிட்டேன்.” கையில் அவ்வளவு குளிர்ந்த பொருள் கழுத்தில் ஏன் சுட்டது? அதைத் தேடிப் போனபோதுதான், இந்தத் தலையணையில் நாம் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்து வாங்குகிறோம் என்று புரிந்தது.

முதலில் மெமரி ஃபோம். விண்வெளி வீரர்களுக்காகச் செய்யப்பட்டது என்று விளம்பரங்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவின் நாசா அமைப்புக்காக உருவானது என்பது உண்மை. ஆனால் 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் அதை உருவாக்கியபோது மனதில் இருந்தது விமான இருக்கைதான். மோதலின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், நெடுநேரம் உட்கார்ந்தாலும் உடம்பு நோகக் கூடாது. இந்த இரண்டுக்காகவும் செய்த பஞ்சு அது. பிறகு ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று அதை மெத்தையாக்கி 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆக, விமானத்துக்காகப் பிறந்த பொருள் ஊர் சுற்றிவிட்டு மறுபடியும் விமானத்துக்கே வந்திருக்கிறது.

அதன் வேலை முறை எளிது. வெதுவெதுப்புப் பட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும். விரலால் அழுத்தி எடுத்தால் குழி உடனே மறையாது. சில நொடிகள் கழித்து மெல்ல மேலெழும். கழுத்தின் சூடு பட்டதும் இளகி, அந்தக் கழுத்தின் வளைவுக்கு ஏற்பப் படிந்துகொள்கிறது. சாதாரண ஃபோம்போல எதிர்த்துத் தள்ளாது. இதுதான் அதன் பெருமை. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். நன்றாகப் படிந்தால் இடைவெளி இல்லை. இடைவெளி இல்லாவிட்டால் காற்று இல்லை. காற்று போகாத இடத்தில் வியர்வை உலராது. போதாக்குறைக்கு, மெமரி ஃபோம் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. நம் வீட்டு ஃபிரிட்ஜின் சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்க அடைத்திருப்பதும் பாலியூரித்தேன் நுரைதான். அது கெட்டி வகை, இது மெத்து வகை. வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறோம். உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ‘கூலிங்’ வருகிறது. பெரும்பாலான தயாரிப்புகளில் ஜெல் கலந்த ஃபோம் இருக்கும், அல்லது ஃபோமின் மேல் ஒரு ஜெல் படலம் ஒட்டியிருக்கும். ஜெல் தன் பங்குக்குக் குளிர்ச்சி எதையும் உண்டாக்குவதில்லை. கோரைப் பாயும் சிமெண்டுத் தரையும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனாலும் தரை சில்லென்றும் பாய் வெதுவெதுப்பாகவும் தோன்றுகின்றன. தரை நம் தோலிலிருந்து சூட்டை வேகமாக உறிஞ்சுவதே காரணம். ஜெல்லும் இதைத்தான் செய்கிறது. தரைக்குப் பின்னால் வீடளவு கனம் இருக்கிறது. ஜெல் படலத்துக்குப் பின்னால் சூடு கடத்தாத ஃபோம் மட்டுமே. கொஞ்ச நேரத்தில் ஜெல்லும் உடம்பின் சூட்டுக்கு வந்துவிடும். வழுவழுவென்று தொட்டவுடன் குளிரும் துணி உறைகளின் கதையும் இதேதான். ஜெல்லைவிட மெல்லியது, அதனால் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும்.

இவற்றைவிடக் கொஞ்சம் நேர்த்தியானது மெழுகு முறை. மார்கழியில் நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். பாட்டிலைக் கைக்குள் பிடித்தால் மெல்ல உருகும். உருகும்வரை நம் கையின் சூட்டை அது வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் தான் சூடேறாது. இதே குணமுள்ள, ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸில் உருகும் பாரஃபின் மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களில் அடைத்து, துணியிலோ ஃபோமிலோ சேர்க்கிறார்கள். தோலின் சூடு 33 டிகிரியை ஒட்டி இருப்பதால், கழுத்தில் பட்டதும் மெழுகு உருகத் தொடங்கும். உருகி முடியும்வரை குளிர்ச்சி உண்மையாகவே இருக்கும்.

அது எவ்வளவு நேரம் என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த வகை மெழுகு ஒரு கிராம் உருகச் சுமார் 200 ஜூல் வெப்பம் வேண்டும். தலையணையின் உட்புறத்தில் 15 கிராம் மெழுகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000 ஜூல். ஓய்வில் இருக்கும் மனித உடம்பு நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. தலையணை தொடும் பரப்பு உள்ளங்கை இரண்டு அளவு என்றால், அந்த வழியாக வருவது நொடிக்கு ஒன்றரை ஜூல் அளவுக்கு இருக்கும். வகுத்துப் பார்த்தால் 2,000 நொடி, அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மெழுகை இரட்டிப்பாக்கினாலும் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். தோராயக் கணக்குதான், ஆனால் 16 மணி நேரப் பயணத்துக்கு முன்னால் விடை பெரிதாக மாறப் போவதில்லை.

கடையில் ஏமாறுவதும் இதனால்தான். கடை ஏசியில் 24 டிகிரி இருக்கும். மெழுகு உறைந்து தயாராகக் காத்திருக்கும். தொட்டால் குளிராமல் என்ன செய்யும்? அதே தலையணையை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். 34, 35 டிகிரியில் மெழுகு ஏற்கெனவே உருகிப் போயிருக்கும். எந்தக் குளிர்ச்சியும் தெரியாது. இதில் பயணிக்கு உதவும் செய்தி ஒன்றும் உண்டு. விமானத்தின் உள்ளே பெரும்பாலும் 22 முதல் 24 டிகிரிதான். சாப்பாடு வரும்போது தலையணையைக் கழற்றி, உட்புறம் காற்றுப் படும்படி வைத்தால் மெழுகு மீண்டும் உறைந்துகொள்ளும். அடுத்த தூக்கத்துக்கு இன்னொரு அரை மணி நேரம் கிடைக்கும். இதைப் பெட்டியின் மேல் அச்சடித்தாலே வாங்குகிறவர்களுக்கு எவ்வளவோ நன்மை.

உண்மையில் நெடுநேரம் உதவுவது காற்றோட்டம்தான். ஃபோமில் துளைகளோ நீளவாக்கில் பள்ளங்களோ இருந்தால் கழுத்துக்கும் பஞ்சுக்கும் இடையில் காற்று நடமாடும். விமானத்துக்குள் காற்று மிக வறண்டது. ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு வரைதான். அந்தக் காற்று உள்ளே போக ஒரு வழி விட்டால் போதும், வியர்வை தானாக உலர்ந்து கழுத்து குளிரும். நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பதும் இப்படித்தான். நைலான் உறைக்கு மேல் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டால் வியர்வை அதில் ஊறிக் காயும். செலவே இல்லாத வழி இது.

தூக்கத்துக்குக் கழுத்து ஜில்லென்று இருந்தே ஆக வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் வரும்போது உடலின் உள்வெப்பம் சற்றுக் குறையத்தான் வேண்டும், உண்மை. ஆனால் அந்தச் சூடு முக்கியமாக வெளியேறுவது கைகள், பாதங்களின் தோல் வழியாக. 1999-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர் குர்ட் கிராய்ச்சியும் அவரது குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள்: பாதங்கள் வெதுவெதுப்பாக இருந்து அங்குள்ள ரத்த நாளங்கள் விரிந்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது. ஆக, விமானத்தில் கழுத்தைக் குளிர வைப்பதைவிடக் காலுக்கு ஒரு ஜோடி காலுறை போடுவது மேல். கழுத்து வேர்க்காமல் இருந்தால் போதும்.

சரி, அப்படியானால் இந்தத் தலையணையின் வேலை என்ன? தலையைத் தாங்குவது. மனிதத் தலையின் எடை நான்கரை முதல் ஐந்து கிலோ. அதை ஏழு எலும்புகளும் அவற்றைச் சுற்றிய தசைகளும் தாங்குகின்றன. தலை நேராக இருக்கும்வரை பாரம் எலும்பில் இறங்கிவிடும். முன்னால் சாயச் சாயப் பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் விசை 12 கிலோ. 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. கைபேசி பார்ப்பவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது, ஆனால் உட்கார்ந்து தூங்குகிறவரின் கழுத்துக்கும் பொருந்தும். தூக்கம் ஆழமாகும்போது தசைகள் தளர்கின்றன. கனவு வரும் கட்டத்தில் கிட்டத்தட்ட முழுவதும் தளர்ந்துவிடுகின்றன. தலை தொங்குகிறது, தூக்கிவாரிப் போட்டு விழிக்கிறோம், மறுபடி கண்ணயர்கிறோம், மறுபடி தலை தொங்குகிறது. காலையில் ‘கழுத்துச் சுளுக்கு’ என்று சொல்வது இந்த இரவு முழுதும் நடந்த இழுபறியின் மிச்சம்.

இங்கேதான் நாம் பார்க்கும் பெரும்பாலான ‘யு’ வடிவத் தலையணைகள் தவறுகின்றன. பின்பக்கம் தடித்தும் முன்பக்கம் திறந்தும் இருக்கின்றன. தலை பின்னால் விழப் போவதில்லை, அங்கே இருக்கை இருக்கிறது. விழுவது முன்னாலும் பக்கவாட்டிலும். பின்பக்கத் தடிமனோ தலையை இருக்கையிலிருந்து முன்னுக்குத் தள்ளி, தொங்குவதற்கு வழி செய்து கொடுக்கிறது. அம்மாவுக்கு நான் வாங்கியது அப்படிப்பட்டதுதான். நல்ல தலையணைக்குப் பின்பக்கம் தட்டையாக இருக்கும், பக்கங்கள் காது மடல் வரை உயர்ந்திருக்கும், தாடைக்குக் கீழே இரு முனைகளையும் சேர்க்கும் கொக்கி இருக்கும். சில வகைகளில் இருக்கையின் தலைப்பகுதியோடு பிணைக்கும் பட்டையும் உண்டு. வாங்கிவிட்ட தலையணை பின்பக்கம் தடித்ததாக இருந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த பக்கம் தாடைக்குக் கீழே வரட்டும்.

கடையில் இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். சுவரை ஒட்டி நேராக உட்கார்ந்து, தலையணையை மாட்டிக்கொண்டு, பின்தலையைச் சுவரில் சாயுங்கள். சுவரைத் தொட முடியாமல் தலை முன்னால் நின்றால் அது வேண்டாம். பிறகு தோளைத் தளர்த்தி, தலையை ஒரு பக்கம் முழுப் பாரத்தோடு விடுங்கள். காது தோளை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் ஃபோம் அடர்த்தி போதாது. கட்டைவிரலால் அழுத்தினால் மறுபக்கத்து விரல் தட்டுப்படக் கூடாது. விட்டதும் குழி மூன்று முதல் ஐந்து நொடிகளில் நிரம்ப வேண்டும். உறையைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்று ஜிப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபோமைத் துவைக்கும் இயந்திரத்தில் போடக் கூடாது. நீரை உறிஞ்சிக் கனத்துக் கிழிந்துவிடும். புதிதாக வரும் ரசாயன வாடை போக இரண்டு நாள் நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

காற்றடைத்த தலையணை மலிவு, மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். அதை வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்காகக்கூடக் குறையும், அதனால் தரையில் முழுதாக ஊதியது மேலே போனதும் விம்மிக் கல்போல் ஆகிவிடும். முக்கால் அளவே ஊதுங்கள். மெமரி ஃபோமின் நுண்ணறைகள் திறந்தவை என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. தனியாக எடுக்கும்படி ஜெல் பை வைத்த தலையணைகள் வேண்டாம் என்பேன்; 100 மில்லிக்கு மேற்பட்ட ஜெல்லைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடலாம்.

எந்தத் தலையணையும் இருக்கையைப் படுக்கையாக்காது. பிரிட்டன் ஆய்வாளர்கள் நிக்கல்சனும் ஸ்டோனும் 1987-இல் சாய்வு இருக்கைகளில் தூங்கியவர்களை ஆராய்ந்து, முதுகு செங்குத்திலிருந்து 40 டிகிரியாவது சாய்ந்தால்தான் தூக்கம் படுக்கைத் தூக்கத்துக்கு நெருங்குகிறது என்று கண்டார்கள். எகானமி இருக்கை அந்த அளவுக்குச் சாயாது. கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் தலையணையை வாங்குவதற்கு முன்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தூக்கம் நன்றாக வந்தாலும் இடையில் எழுந்து நாலடி நடக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ரத்த நாளத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொல்லியிருக்கிறது.

பெற்றோருக்காக இதை வாங்கப் போகிறீர்கள் என்றால், இணையத்தில் படத்தைப் பார்த்து அனுப்பாதீர்கள். அவர்களையே கடைக்கு அழைத்துப் போய், சுவரோரம் உட்கார வைத்து, அவர்கள் கழுத்தில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ‘கூலிங்’ என்ற சொல்லுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அம்மாவின் திரும்பும் பயணத்துக்கு என் தங்கை வாங்கிக் கொடுத்தது பின்பக்கம் தட்டையான, கொக்கி வைத்த, ஜெல் இல்லாத சாதாரண மெமரி ஃபோம். அதற்குப் பழைய பருத்தி வேட்டியில் இரண்டு உறை தைத்தார்கள். துபாய் வரும்வரை அம்மா அதைக் கழற்றவில்லை.