மலை தாண்டிப் போகும் சிகிச்சை

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை கிடையாது. மார்பகப் புற்றுநோய்க்கு 15 நாள், மூக்கின் பின்பக்கத் தொண்டையில் வரும் புற்றுநோய்க்கு 33 அல்லது 35 நாள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், வாரத்தில் ஐந்து நாளும் பயணம்தான். ஆயர் ஈத்தாம் பக்கம் போனாலும் மலை வளைவு, தித்தி கெராவாங் பக்கம் போனாலும் வளைவு. கன்னியாஸ்திரிகள் 1976இல் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை தீவிலேயே இருக்கிறது. பெர்தாமில் உள்ள யூஎஸ்எம் மருத்துவமனைக்கு என்றால் பாலத்தையும் தாண்ட வேண்டும்.

போய்ச் சேர்ந்தால் தினமும் டாக்டரையே பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு கதிர், எந்த இடத்தில் என்று முடிவெடுப்பவர் புற்றுநோய் டாக்டர். கணக்குப் போட்டுத் திட்டம் தயாரிப்பவர் மருத்துவ இயற்பியலாளர். நோயாளியைப் படுக்க வைத்து அதை நாள்தோறும் நடத்திக் காட்டுபவர் கதிர்வீச்சுச் சிகிச்சையாளர்.

முகம், கழுத்து என்றால் வேலை முகமூடியில் தொடங்கும். சுடுநீரில் போட்டதும் இளகும் பிளாஸ்டிக் தகடு அது. எடுத்த சூட்டோடு முகத்தின் மேல் இழுத்துப் பொருத்துவார்கள். சில நிமிடங்களில் அதே முக வடிவில் இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் அதை மாட்டி, அதில் போட்ட குறிகளைச் சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளோடு பொருத்தி, ஸ்கேன் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் மேசையை நகர்த்துவார்கள். இதற்கே நேரம் போய்விடும். கதிர் பாய்வது சில நிமிடம்தான்.

அடிவயிற்றுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். குடல் விலகி நிற்க அது உதவும். மலைப்பாதையில் அடக்க முடியாமல் வந்ததும் கழிப்பறைக்கு ஓடியவர், மறுபடி தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டியதுதான். அவரைக் கடிந்துகொள்ளாமல் அடுத்தவரை உள்ளே அழைப்பதும் இந்தத் தொழிலில் சேர்த்தி.

வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். வெளியிலிருந்து மெஷின் பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது, தாராளமாகத் தூக்கலாம். ஊழியர்களோ மெஷின் ஓடும்போது தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே நின்று கேமராவில் பார்க்கிறார்கள். சட்டையில் குத்திய பேட்ஜ் அவர்கள் மேல் பட்ட கதிரை அளக்கும். சட்டம் விதித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்.

கதிர்வீச்சுச் சிகிச்சையாளராகப் படிக்க விரும்புவோருக்குக் கோலாலம்பூரில் யூகேஎம் பல்கலைக்கழகம் நடத்தும் நான்காண்டுப் பட்டம் இருக்கிறது. நோயறியும் படப்பிடிப்பும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் சேர்ந்தே வரும். யூஎஸ்எம் தன் கூபாங் கிரியான் வளாகத்தில் மருத்துவக் கதிர்வீச்சுப் பட்டப்படிப்பை நடத்துகிறது. இயற்பியலைக் கண்டு ஓடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இந்தத் தொழிலையும் உள்ளடக்குவதால் பதிவும் அவசியம். நம் வீடுகளில் டாக்டர், மருந்தாளர், நர்ஸ் என்று அடுக்கும்போது இதன் பெயர் வருவதே இல்லை; எனக்கு அது நஷ்டமாகத்தான் படுகிறது.

மதிப்பெண்ணில் தெரியாத ஒரு தகுதியும் உண்டு. இடப்பக்க மார்புக்குச் சிகிச்சை தரும்போது, பலரை மூச்சை ஆழ இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். நுரையீரல் விரிந்து, இதயம் கதிரின் வழியிலிருந்து விலகும். உள்ளே நோயாளி தனியாகப் படுத்திருக்க, வெளியே மைக்கில் ஒரு குரல்: "இழுங்கம்மா... அப்படியே பிடிங்க... விடுங்க." பினாங்கில் இதை மலாய், ஹொக்கியென், தமிழ் மூன்றிலும் சொல்லத் தெரிந்தவருக்கு வேலை பாதி சுலபம்.