குளிக்கக் கூடாத அருவி

அருவி என்றாலே குளிப்பதற்குத்தான் என்று நினைத்து வளர்ந்தவன் நான். தென்காசிப் பக்கம் பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? சாரல் விழத் தொடங்கியதும் தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவோம். பெங்களூருக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அந்த ஆசை உடம்பை விட்டுப் போகவில்லை. ஆகவே, மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிகா நாட்டில் ஓர் அருவியின் முன் நின்று, குளிக்கக் கூடாது என்ற பலகையைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மாப்பிள்ளைக்குத் தலைநகர் சான் ஹோசேயில் வேலை. ஒரு பிப்ரவரியில் நானும் வீட்டம்மாவும் போயிருந்தோம். நாட்டின் மேற்குப் பகுதியில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. சுற்றிப் பார்க்க நல்ல காலம். டெனோரியோ எரிமலை தேசியப் பூங்காவில் காட்டுப்பாதையில் நடந்து, இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ரியோ செலெஸ்தே அருவி. 'வான நீல ஆறு' என்று பொருள். சாயம் கரைத்து ஊற்றியது போல அப்படியொரு நீலம்!

அந்த நீலம் எப்படி வந்தது? தெளிந்த இரண்டு ஓடைகள் மேலே ஓரிடத்தில் கலக்கின்றன. ஒன்றில் அலுமினியமும் சிலிக்கனும் சேர்ந்த மிக நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. மற்றொன்று எரிமலையின் தயவால் புளிப்பேறிய அமில நீர். இரண்டும் கலந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. அந்தப் பருமனில் அவை சூரிய ஒளியின் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன. அந்நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் இதை விளக்கினார்கள். ஆக, தண்ணீரில் சாயம் எதுவும் இல்லை. எல்லாம் கலவையின் கணக்கு.

"ஒரு முழுக்குப் போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று முணுமுணுத்தேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "மாமா, தினமும் வர்ற கூட்டம் பூரா எண்ணெயும் ஷாம்புவுமா இறங்கினா, இந்தக் கணக்கு என்னத்துக்கு ஆகும்?" என்றார். குற்றாலத்தில் காலடியில் மிதக்கும் ஷாம்பு உறைகள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

பசிபிக் கரையில் மானுவேல் அந்தோனியோ பூங்கா. 1972இல் ஏற்பட்டது, பரப்பில் சிறியது. வாசலிலேயே பையைத் திறந்து பார்த்தார்கள். குரங்குகள் மனிதர் உணவுக்குப் பழகிவிடக் கூடாதாம். வீட்டம்மா கட்டிவந்த புளியோதரை வெளியிலேயே நின்றுவிட்டது! செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். நேரே போய் நின்றால் திரும்ப வேண்டியதுதான்.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் காரணம் உண்டு. மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடுகளை வெட்டித் தள்ளிய நாடு அது. 1980களில் நிலப்பரப்பில் சுமார் கால் பங்கே காடாக எஞ்சியது. 1996இல் காட்டை அழித்து வேறு பயனுக்கு மாற்றுவதைச் சட்டம் தடை செய்தது. 1997 முதல், காட்டைக் காக்கும் நில உடைமையாளர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. எரிபொருள் வரியின் ஒரு பகுதி அதற்குப் போகிறது. இன்று பாதிக்கும் மேல் மீண்டும் காடு. வெட்டினால்தான் வருமானம் என்றிருந்த விவசாயிக்கு, வெட்டாமல் விட்டாலும் வருமானம் என்று ஆக்கியதுதான் சூட்சுமம்.

இதை நான் எழுதக் காரணம் வேறு. பெங்களூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் நம்மவர்கள் எல்லோருக்கும் பந்திப்பூர் சாலை தெரியும். வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க, 2009 முதல் அங்கே இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துக்குத் தடை. ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடலாம் என்று கிளம்பி, குண்டல்பேட்டையில் கொசுக்கடியில் விடியும் வரை உட்கார்ந்து, அந்தத் தடையைத் திட்டாத நாளில்லை. சங்கத்து நண்பர்களிடமும் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன்.

அந்த நீல ஆற்றின் கரையில்தான் எனக்கு உறைத்தது. ஊர் தாண்டிப்போய் வாயைப் பிளந்து பார்த்த காட்டைக் காப்பதும் இதே மாதிரித் தடைகள்தான். அங்கே பணிந்து நடந்த நான், இங்கே மட்டும் ஏன் சண்டை போட வேண்டும்?

இப்போதெல்லாம் விடிந்த பிறகே ஊட்டிக்குக் கிளம்புகிறேன். சில மணி நேரம் தாமதம்தான். அந்த நேரம் யானைக்கும் மானுக்கும் உரியது, இருந்துவிட்டுப் போகட்டும்.