கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் – 9: பினாங்கு ஏறிய படியும் இறங்கிய படியும்

2013-ஆம் ஆண்டு பினாங்கு மாநிலக் குழு மலேசியக் காற்பந்தின் மூன்றாம் அடுக்கில் ஆடியது. பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் எழுபது வயதைத் தாண்டிய ரசிகர் ஒருவருக்கு இந்த வரி இன்றும் வலிக்கும். அவர் இளைஞராக இருந்தபோது, 1974-ல், இதே குழு பேராக்கை 2–1 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தைத் தீவுக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்பே 1953, 1954, 1958 என மூன்று முறை அந்தக் கிண்ணம் பினாங்கிடம் வந்திருக்கிறது. நாட்டில் மாநிலங்களுக்கான லீக்கில் பட்டம் வழங்கத் தொடங்கிய 1982-ல் முதல் வெற்றியாளரும் பினாங்குதான். 1998-லும் 2001-லும் லீக் பட்டம், 2002-ல் எஃப்.ஏ. கிண்ணம். இத்தனையும் வென்ற குழு பதினோரு ஆண்டுகளில் மூன்றாம் அடுக்கான எஃப்.ஏ.எம். லீக்கில் போய் நின்றது. அங்கே அதனோடு ஆடியவர்களில் ஒன்று பொதுச் சேவை ஆணையத்தின் பெயர் தாங்கிய குழு.

பொற்கால ஆட்டக்காரர்களின் கதையை முந்தைய இதழ்களில் பார்த்தோம். இந்த வாரம் பயிற்றுநர்களின் கதை. ஒரு குழு மேல் அடுக்கிலிருந்து கீழே வந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, இன்னொரு முறை ஏறிய காலத்தில் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் யார், எவ்வளவு நாள் நின்றார்கள், ஏன் போனார்கள் என்று கவனித்தால் அந்தக் குழுவின் நிர்வாகம் எப்படிப்பட்டது என்பது புரிந்துவிடும்.

சரிவு 2010-ல் தொடங்கியது. அந்தப் பருவத்தோடு பினாங்கு முதல் அடுக்கான சூப்பர் லீக்கை விட்டுப் பிரீமியர் லீக்குக்கு இறங்கியது. மலேசியாவில் பிரீமியர் லீக் என்றால் அப்போது இரண்டாம் அடுக்கு. அதிலும் நிலைக்க முடியாமல் குழு இன்னும் ஒரு படி கீழே போனது. ஒரு மாநிலத்தின் கொடியை ஏந்திய குழு இரண்டு முறை இறங்கினால் கூட்டம் கலையும், விளம்பரதாரர் விலகுவார், வளரும் பையன்கள் பக்கத்து மாநிலத்துக்குப் பெட்டி கட்டுவார்கள். பினாங்கிலும் அதுதான் நிலை.

அந்த நேரத்தில் வந்தவர் மொரோக்கோக்காரர் மெர்சாகுவா அப்துர்ரசாக். வெளிநாட்டவர்தான், ஆனால் பினாங்குக்கு வெளியாள் அல்ல. முன்பு பினாங்கின் சட்டை போட்டு ஆடியவர். நகர விளையாட்டரங்கத்தின் புல்லும் தெரியும், வெற்றி வரும்போது அந்த மேடைகள் எழுப்பும் சத்தமும் தெரியும், தோற்றால் அதே மேடைகள் என்ன பேசும் என்பதும் தெரியும். 2013-ல் அவருடைய குழு எஃப்.ஏ.எம். லீக்கை வென்று இரண்டாம் அடுக்குக்குத் திரும்பியது. பெரிய பெயர்களோ பெரிய பணமோ இல்லாத குழு. நாளிதழ்களின் கடைசிப் பக்கத்தில்கூட அந்த ஆட்டங்களுக்கு இடம் கிடைப்பது அரிது. பினாங்கின் அண்மைக் கால வரலாற்றில் மிக முக்கியமான பட்டம் எது என்று கேட்டால், இக்கட்டுரையாளர் அந்த மூன்றாம் அடுக்குப் பட்டத்தைத்தான் காட்டுவார். அது கிடைக்காமல் போயிருந்தால் பின்னால் வந்த எதுவும் இல்லை.

ஏறிய குழுவுக்கு அடுத்த ஆளாக வந்தவர் பிரேசிலின் ஜாக்சன் எஃப். தியாகோ. இந்தோனேசியாவில் அவர் பெயர் தெரியாத ரசிகர் கிடையாது. பெர்செபாயா சுரபாயாவில் ஆட்டக்காரராகவும் பின்னர் பயிற்றுநராகவும் லீக் பட்டம் வென்றவர். பப்புவாவின் பெர்சிபுராவை மூன்று முறை நாட்டின் முதலிடத்துக்குக் கொண்டு போனவர். 2013-ல் சிறிது காலம் இந்தோனேசிய தேசியக் குழுவுக்கும் பொறுப்பேற்றார். அப்படிப்பட்டவர் மலேசியாவின் இரண்டாம் அடுக்குக்கு வந்ததே பலருக்கும் வியப்பு. 2015-ல் கெடா முதலிடம், பினாங்கு இரண்டாமிடம். இரு குழுக்களும் சூப்பர் லீக்குக்கு ஏறின. வடக்கின் இந்த இரண்டு பழைய போட்டியாளர்களும் ஒரே ஆண்டில் திரும்பி வந்தது அந்த வட்டாரத்துக்கே கொண்டாட்டம்.

2016 பிப்ரவரி 16. நகர விளையாட்டரங்கம். எதிரே பகாங். முஹம்மது ஃபாயிஸ் சுப்ரி உதைத்த ப்ரீ கிக் ஒரு பக்கம் போவதுபோல் கிளம்பி, நடுவானில் மறுபக்கம் வளைந்து, கோல் காவலர் திரும்பிப் பார்ப்பதற்குள் தூரத்து மேல் மூலையில் நுழைந்தது. பினாங்கு 4–1 என்று வென்றது. உலகம் முழுக்க அந்தக் காட்சி ஓடியது. 2017 ஜனவரி 9 அன்று சூரிக் நகரில், ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது ஃபாயிஸுக்கு வழங்கப்பட்டது. வாக்குகளில் 59.46 விழுக்காடு அவருக்கே. அவ்விருதை வென்ற முதல் ஆசியக் கழக ஆட்டக்காரர் அவர். ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொஞ்ச நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஒரு மைதானத்தில் விழுந்த கோல் அது. தீவில் காற்பந்து பார்க்கும் எந்த வீட்டிலும் அந்த மாலையின் கதை இருக்கும்.

ஆனால் அந்தக் கோல் குழுவின் நிலையை மாற்றவில்லை. 2016 பருவம் முழுக்கப் பினாங்கு கீழ்ப்பாதியில் தத்தளித்தது. பருவம் முடிவதற்குள் ஜாக்சன் பொறுப்பில் இல்லை. தெரெங்கானுவும் போலீஸ் குழுவும் இறங்கின, பினாங்கு தப்பியது. இரண்டாம் அடுக்கிலிருந்து ஏறி வந்த குழுவுக்கு முதல் ஆண்டில் தப்பிப்பதே வெற்றி. அதை வெற்றி என்று நிர்வாகம் எண்ணியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஃபாயிஸின் கோலைக் கண்ட கண்கள் பட்டியலின் அடிப்பகுதியைப் பார்க்க விரும்பவில்லை.

அடுத்து வந்தார் ஆஷ்லி வெஸ்ட்வுட்.

இந்தியாவில் காற்பந்து பார்க்கும் தமிழர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். இங்கிலாந்தின் கீழ் லீக்குகளில் க்ரூ, பிராட்ஃபோர்டு, ஷெஃபீல்டு வெட்னெஸ்டே என்று பல குழுக்களில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். 2013-ல் புதிதாகத் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்.சி. அவரைத் தலைமைப் பயிற்றுநராக்கியது. முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம், அடுத்த பருவத்தில் ஃபெடரேஷன் கோப்பை, மூன்றாவதில் மீண்டும் ஐ-லீக். சுனில் சேத்ரி குழுத் தலைவர். உணவு, உடற்பயிற்சி, ஓய்வு, எதிரணியைப் பற்றிய ஆய்வு என்று எல்லாவற்றையும் அவர் எழுதி வைத்தே நடத்தினார் என்பது அங்கே ஆடியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. மூன்று முழுப் பருவங்கள் அவருக்குக் கிடைத்தன, குழுவைத் தொடக்கத்திலிருந்து அவரே கட்டினார்.

பினாங்கில் அவருக்குக் கிடைத்தது பாதிப் பருவம்கூட இல்லை. 2017 பருவத்துக்கு வந்தவர், வெற்றி கைகூடாமல் பருவம் பாதியை எட்டும் முன்னரே விடைபெற்றார். தேசியக் குழுவின் முன்னாள் நட்சத்திரம் ஸைனால் அபிடின் ஹசான் பொறுப்பேற்றார். அவராலும் தடுக்க முடியவில்லை. ஆண்டு முடிவில் பினாங்கு கடைசி இடம். புஷ்காஷ் விருது வாங்கிய ஆண்டிலேயே விருதுக்காரரின் குழு இரண்டாம் அடுக்குக்கு இறங்கியது.

வெஸ்ட்வுட் மோசமான பயிற்றுநர் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பின்னாளில் ஆப்கானிஸ்தான், ஹாங்காங் ஆகிய தேசியக் குழுக்கள் அவரைத் தேடி வந்தன. பெங்களூருவில் கிடைத்த நேரமும் அதிகாரமும் பினாங்கில் கிடைக்கவில்லை என்பதே இரண்டு ஊர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. மலேசிய மாநிலக் குழுக்களில் பணம் பெரும்பாலும் மாநில அரசையும் அரசு சார்ந்த நிறுவனங்களையும் நம்பி வரும். ஆட்டக்காரர்களை யார் தேர்ந்தெடுப்பது, வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் யாரை நிறுத்துவது, யாரை அனுப்புவது என்பதில் மாநிலக் காற்பந்துச் சங்கத்துக்கும் பங்கு உண்டு, பயிற்றுநருக்கும் பங்கு உண்டு. தோல்வி வந்தால் மட்டும் பங்கு முழுவதும் பயிற்றுநருடையது. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தைப் பருவத்தின் நடுவில் முறிப்பது சிக்கல், செலவு. பயிற்றுநர் ஒருவரை மாற்றுவது எளிது. அதனால் எல்லா ஊரிலும் அவர்தான் முதலில் போகிறார்.

எல்லா ஊரிலும் என்று சொன்னால் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் வடக்கில் ஆக்ரிங்டன் என்ற சிறிய ஊர். அதன் பழைய குழு 1962-ல் பணமில்லாமல் லீக்கை விட்டே விலகியது. 1968-ல் அதே பெயரில் புதிய குழு பிறந்தது. 1999-ல் ஜான் கோல்மன் அங்கே மேலாளராக வந்தார். வட்டார அளவிலான லீக்குகளிலிருந்து படிப்படியாக ஏறி, 2006-ல் ஆக்ரிங்டன் ஸ்டான்லி மீண்டும் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தது. 2012-ல் வேறு குழுவுக்குப் போனவர் 2014-ல் திரும்பி வந்தார். 2018-ல் நான்காம் அடுக்கை வென்று மூன்றாம் அடுக்குக்கு ஏறினார்கள். 2023-ல் இறங்கினார்கள், அப்போதும் அவரை உடனே அனுப்பவில்லை. 2024 மார்ச்சில்தான் உறவு முடிந்தது. இரண்டு தவணையாக இருபது ஆண்டுகளுக்கு மேல். பினாங்கைவிட மக்கள்தொகையில் எத்தனையோ மடங்கு சிறிய ஊர் அது. அங்கே பயிற்றுநருக்குக் கொடுக்கப்பட்ட பெரிய ஊதியம் காலம்.

சூப்பர் லீக்குக்குப் பினாங்கின் இரண்டாவது ஏற்றம் 2020-ல். பெருந்தொற்றால் பருவம் 11 ஆட்டங்களாகச் சுருங்கியது. உள்நாட்டுப் பயிற்றுநர் மன்சூர் அஸ்விரா அப்துல் வாஹிட் தலைமையில் பினாங்கு பிரீமியர் லீக்கை வென்றது. கவனிக்க வேண்டியது இதுதான்: மெர்சாகுவா, ஜாக்சன், மன்சூர் என்று மூவருமே குழுவை ஏற்றியது மேலிடத்தின் அவசரம் குறைவாக இருந்த நேரங்களில்.

2021-ல் சங்கத்தின் குழு என்ற நிலை மாறி, பினாங்கு எஃப்.சி. என்ற கழகமாக அது உருவெடுத்தது. தலைமைப் பயிற்றுநராக செக் நாட்டின் தோமாஷ் டிருச்சா வந்தார். புதிதாக ஏறி வந்த குழு அந்தப் பருவத்தில் மூன்றாமிடம் பிடித்தது. ஜொகூர் டாருல் தாக்சிம், கெடா, அடுத்து பினாங்கு. சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்து பினாங்கு ரசிகர்கள் கண்ட மிக இனிய ஆண்டுகளில் ஒன்று. அடுத்த ஆண்டு ஆட்டம் சரிந்தது, பருவத்தின் நடுவே டிருச்சா போனார், பின்னர் ஸைனால் அபிடின் ஹசான் மீண்டும் அழைக்கப்பட்டார். மூன்றாமிடத்திலிருந்து கடைசி இடத்துக்கு ஒரே ஆண்டில். 2023-ல் லீக் திருத்தி அமைக்கப்பட்டு, பிரீமியர் லீக் கலைக்கப்பட்டதால் அந்தக் கடைசி இடம் குழுவைக் கீழே தள்ளவில்லை. அதன் பிறகும் மாற்றம் நிற்கவில்லை. சோங் யீ ஃபாட் வந்தார், மெர்சாகுவா திரும்பி வந்தார், முன்னாள் தேசிய முன்வரிசை ஆட்டக்காரர் அக்மல் ரிசால் வந்தார்.

மூன்றாமிடம் பிடித்தவரை அடுத்த பருவத்தின் நடுவே இழப்பது சரியா என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இக்கட்டுரையாளரின் கருத்தில் அது தவறு. ஒரு பருவம் வென்றவருக்கு ஒரு பருவம் தோற்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை எழுத்தில் தரும் ஒப்பந்தம் வேண்டும். இளையோர் குழுவிலிருந்து எத்தனை பேர் முதல் பதினொருவரில் வந்தார்கள் என்பதையும் பயிற்றுநரின் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த், நிபோங் திபால் என்று தீவிலும் பெருநிலத்திலும் பந்து உதைக்கும் தமிழ், மலாய், சீனப் பிள்ளைகளுக்கு அதுதான் வாசல். ஆண்டுக்கு ஒரு பயிற்றுநர் மாறினால் ஆண்டுக்கு ஒரு தேர்வு முறை மாறும், பதினாறு வயதுப் பையனை நினைவில் வைத்திருக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ரசிகர்களும் இதில் பொறுப்பு ஏற்க வேண்டியவர்களே. 20,000 பேர் அமரக்கூடிய நகர விளையாட்டரங்கத்தில் ஆட்டம் நடக்கும்போது வெற்றிக்கு மட்டும் நிரம்பினால் போதாது. பாலத்தைக் கடந்து பத்து காவான் மாநில விளையாட்டரங்கத்துக்குப் போக வேண்டியிருந்த காலங்களில் ஜெலுத்தோங்கிலிருந்து ஆட்டம் பார்க்கப் போனவர்களின் கூட்டம் தேய்ந்தது. 2000-ல் சுக்மா என்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட 40,000 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கத்தில், பல ஆட்டங்களில் காலி இருக்கைகளே கண்ணில் பட்டன. தோற்கும் குழுவைத் தொடர்ந்து பார்ப்பவர்கள்தாம் பயிற்றுநருக்கு அவகாசம் வாங்கித் தர முடியும். மேடை காலியானால் நிர்வாகிக்குப் பதற்றம் கூடும், பதற்றம் கூடினால் ஒருவர் வேலை போகும்.

பினாங்கு எப்படியோ உயிரோடு இருக்கிறது என்பதை மதிப்பிட, பக்கத்தில் பாருங்கள். 2025-ல் பேராக், கெடா, ஸ்ரீ பகாங் ஆகிய மூன்று பழம்பெரும் பெயர்கள் சூப்பர் லீக்கிலிருந்து காணாமல் போயின. 1974 இறுதியாட்டத்தில் பினாங்கின் எதிரே நின்ற பேராக்கும் அதில் ஒன்று. 2015-ல் பினாங்கோடு சேர்ந்து ஏறிய கெடாவும் அதில் ஒன்று.

அடுத்த வாரம் கிழக்குக் கரைக்குப் போவோம். 2010 அக்டோபரில் கிளந்தானுக்கு அதன் வரலாற்றில் முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கித் தந்த பி. சத்தியநாதனும், அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவை ஆசியான் வெற்றியாளராக்கிய கே. ராஜகோபாலும் எதிர்கொண்ட அழுத்தங்களைப் பற்றி எழுதுவோம். இருவரையும் அவர்கள் வெற்றி தேடித் தந்த குழுக்கள் எவ்வளவு காலம் வைத்திருந்தன என்பதிலிருந்து அந்த அத்தியாயம் தொடங்கும்.

(தொடரும்)