துப்பறியும் கதையும் மொழிபெயர்ப்பும்

துப்பறியும் புதினம் ஆசிரியருக்கும் படிப்போருக்கும் இடையே நிகழும் அறிவுப் போட்டியாகும். தடயங்கள் யாவும் படிப்போர் கண்முன் கிடத்தல் வேண்டும் என்பது அதன் அறம். பொருளில் அமைந்த தடயம் மொழிபெயர்ப்பில் பிழைத்துக்கொள்ளும். ஒலியில் அமைந்த தடயமோ எளிதில் அழிந்துபடும். இதற்கு ஜப்பானிய எழுத்தாளர் யொகொமிசொ செய்ஷி (1902–1981) எழுதிய ‘இனுகாமி குலம்’ ஏற்ற சான்றாகும். 1950-51இல் தொடர்கதையாக வந்த இதனை யுமிகொ யமசாகி ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்பெயர்ப்பு 2003இல் வெளிவந்தது.

பட்டுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய முதியவர் ஒருவரின் உயில், பேரர் மூவரிடையே பகையை மூட்டுகிறது, கொலைகள் தொடர்கின்றன. அக்குடும்பத்தின் வழிவழிப் பொருள்கள் மூன்று: கோடரி, பதின்மூன்று நரம்புகளையுடைய ஜப்பானிய யாழ், செவ்வந்தி மலர். தமிழில் இவை தொடர்பற்ற பொருள்களே. ஜப்பானிய மொழியிலோ இவற்றின் பெயர்கள் யொகி, கொதொ, கிகு என்பன. மூன்றையும் சேர்த்து ஒலித்தால் ‘நற்செய்தி கேட்க’ என்னும் மங்கலச் சொல்லாகும். அம்மங்கலமே கொலைகளுக்குக் குறியீடாக மாறுவதுதான் கதையின் கொடுமை.

பேரருள் ஒருவன் பெயர் சுகெகியொ. உறைந்த ஏரியில் ஒரு பிணம் தலைகீழாக நிற்கிறது. கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. மேலிருந்து கீழாக எழுதப்படும் பெயரைத் தலைகீழாக்கினால் ‘யொகிகெசு’ ஆகும். பாதி நீருள் மறைய, எஞ்சுவது ‘யொகி’, அதாவது கோடரி.

ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் இப்புதிர் அமையாது. உயிரும் மெய்யும் அங்குத் தனித்தனியே நிற்பதே காரணம். சு, கெ, கி, யொ என உயிர்மெய்களாக எழுதும் தமிழில் அஃது இயல்பாக அமைகிறது. எனினும் இரண்டு இடர்கள் உண்டு. ‘நொ’ ஒன்றைத் தவிர வேறு ஒகரக் குறில் சொல்லின் ஈற்றில் வாராது என்பது தமிழ் மரபு. அம்மரபை எண்ணிச் ‘சுகெகியோ’ என நீட்டினால், எஞ்சுவது கோடரியன்று. துறவியைக் குறிக்கும் ‘யோகி’! இனி, ககரத்தின் வல்லோசையைக் காட்டச் ‘சுக்கெக்கியொ’ என ஒற்றிடின், எழுத்து வரிசை கெடும்.

அடிக்குறிப்பிட்டு விளக்கலாமே எனின், அது புதிரை முன்கூட்டியே உடைத்துவிடும். கோடரி முதன்முதல் தோன்றும் இடத்திலேயே அதன் ஜப்பானியப் பெயரையும் இயல்பாகச் சொல்லிச் செல்வது நன்று. அப்போது தடயமும் மறையாது, விடையும் வெளிப்படாது.

ஆங்கிலத்தின் வழியே பிறமொழி நூலைத் தமிழாக்குவோர், பெயர்களின் மூல ஒலிப்பை ஆராய்ந்த பின்னரே எழுதத் தொடங்குதல் வேண்டும். ஒரு மாத்திரை மிகுந்தாலும், படிப்போர்க்கு உரிய தடயம் ஒன்று பறிபோகும்.