அமுக்கராவும் மன அழுத்தமும்

எங்கள் ஆம்பூரிலே என் தங்கை மகள் ஒரு காலணித் தொழிற்சாலையில் ‘அப்பர்’ என்னும் மேற்பாகத்தைத் தைக்கிறாள். மணிக்கு இத்தனை ஜோடி என்னும் கணக்கு அவளைத் தூக்கத்திலும் துரத்துகிறது. “மாமா, இரவிலே பாலில் அமுக்கராச் சூரணம் கலந்து குடிக்கிறேன், அது உடம்பில் என்னதான் செய்கிறது?” என்று கேட்டாள். ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டுப் பெயர் பெற்ற வட்டாரம் எங்களுடையது; மூலிகையின் பேரில் எங்களுக்கு நம்பிக்கை சற்று மிகுதி.

அச்சமோ கவலையோ தோன்றியதும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது, சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளை ஏவுகிறது. அவை கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன, சர்க்கரை ஏறுகிறது. புலி துரத்தினால் ஓடுவதற்கு இது வேண்டியதே. கார்ட்டிசால் பகையன்று, அஃதின்றி உயிர் தரிக்காது. விடியலில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்வது அதன் இயல்பு. ஓயாத கவலையோ அவ்வொழுங்கைக் குலைக்கக்கூடும். குளிர், காயம், நஞ்சு என எத்துன்பம் நேரினும் எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் ஒன்றுபோலவே பருத்ததை ஹான்ஸ் செல்யே 1936-இல் வெளியிட்டார். இத்தகைய துன்பத்தைத் தாங்க உடலுக்குத் துணைபுரியும் பொருளுக்கு ‘அடாப்டோஜென்’ என்று ரஷ்ய அறிஞர் லாசரெவ் 1947-இல் பெயரிட்டார்.

அமுக்கரா அவ்வகையில் எண்ணப்படுவது. பச்சை வேரில் குதிரை வாடை வீசுவதால் வடமொழியில் அசுவகந்தம். உறக்கம் தருவதென்று அதன் லத்தீன் பெயரே சொல்லுகிறது. 2012-இல் வெளியான ஐதராபாத் ஆய்வொன்றில், மன அழுத்தமுற்ற 64 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு வேரின் சாரம் 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, மற்றவர்க்கு வெறும் போலி மாத்திரை, 60 நாள் கொடுத்தனர். சாரம் உண்டவர்களின் கார்ட்டிசால் ஏறக்குறைய 28 விழுக்காடு குறைந்தது. மற்றவர்க்கு 8 விழுக்காடே. நல்ல செய்திதான். ஆனால் 64 பேர் ஒரு பேருந்துக்கூட்டம். அதனைக் கொண்டு உலகத்துக்கே தீர்ப்பெழுத நான் துணியேன். கடைச் சூரணமும் அளந்தெடுத்த சாரமும் ஒன்றல்ல.

என்னை உறுத்தியது வேறொன்று. அவள் தைராய்டு மாத்திரையும் உண்டு வருகிறாள். அமுக்கரா தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடும். சிலருக்குக் கல்லீரல் பழுதுற்றதும் பதிவாகியிருக்கிறது. கருவுற்றோர்க்கு அது ஆகாது. டென்மார்க் 2023-இல் அதனைத் தடையே செய்துவிட்டது.

“மருத்துவரிடம் சூரணத்தைப் பற்றிச் சொன்னாயா?” என்றேன். “அது மருந்தா என்ன, மாமா?” என்றாள். வருகிற வெள்ளியன்று வேலூருக்குச் செல்கிறாள். சூரணப் புட்டியையும் பையில் எடுத்து வைத்திருக்கிறாள்.